அந்த ரெண்டு பவுன்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)

 

எங்க ஊக்குநர் அக்கா என்னை "வளரிளம் பருவப் பிள்ளைகளும் பெற்றோரும்" என்ற தலைப்பில் பத்து நிமிஷம் பேசச் சொன்னாங்க. நான் படிச்சது பத்தாவது. மைக் முன்னாடி நின்னு பழக்கம் இல்லை. அதனால எழுதி எடுத்துக்கிட்டு வந்து படிக்கிறேன். தலைப்பு பெருசா இருக்குது. என்னால எங்க வீட்டுல நடந்ததை மட்டும்தான் சொல்ல முடியும். என் பொண்ணுகிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றேன். "சொல்லும்மா, ஆனா என் பேரைச் சொல்லாதே"ன்னு சொல்லிச்சு. அதனால பொண்ணு, பையன்னே சொல்லிக்கிட்டுப் போறேன்.

பையன் கதை சின்னது, அதை முதல்ல முடிச்சிடறேன். அவன் எட்டாவது. எட்டாவது வரைக்கும் சத்துணவு சாப்பிடுற பிள்ளைங்களுக்கு அரசாங்கமே வருஷத்துக்கு நாலு செட் சீருடை கொடுக்குது. எல்லாப் பிள்ளையும் ஒண்ணா இருக்கணும்னுதான் சீருடை. ஆனா இவன் பேண்ட்டை வாங்கின மறுநாளே டெய்லர்கிட்ட கொண்டு போய் காலோட ஒட்டப் பிடிச்சிட்டு வந்து நிக்கிறான். உட்கார முடியலை, சைக்கிள் ஏற முடியலை. ஏன்டா இப்படின்னா, "லூசா போட்டா தாத்தான்னு கூப்பிடறாங்கம்மா"ங்கிறான். தலைமுடி அதுக்கு மேல. ரெண்டு பக்கமும் மழிச்சுட்டு நடுவுல மட்டும் கோழிக் கொண்டை மாதிரி. அதுக்கு 150 ரூபாய். அவன் வகுப்புல ஒரு பிள்ளைக்கு வீட்டுத் திண்ணையில வச்சே தாத்தா முடி வெட்டி விடறாராம். அந்தப் பிள்ளைக்கு "சட்டி"ன்னு பேரு வச்சிட்டானுங்க. சட்டியைக் கவுத்து வெட்டின மாதிரி இருக்குதாம். அந்தப் பிள்ளை ஒரு வாரம் பள்ளிக்கூடமே வரலையாம். என் பையனும் சேர்ந்துதான் சிரிச்சிருக்கான், அதை அவனே சொன்னான். சிரிக்கலைன்னா அடுத்த சட்டி நீதான்னு சொல்லுவானுங்களாம். பன்னெண்டு வயசு, பதிமூணு வயசுப் பிள்ளைங்களுக்கு இவ்வளவு பயம் இருக்குதுன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

இப்ப பொண்ணு கதைக்கு வரேன்.

போன கல்வி ஆண்டுல அவ பத்தாவது. ஆகஸ்ட் 15 அன்னைக்குக் கொடியேத்திட்டு மிட்டாய் வாங்கிக்கிட்டு, ஏழு பிள்ளைங்க சேர்ந்து ஒரு பிள்ளையோட அண்ணன் போன்ல போட்டோ எடுத்திருக்குதுங்க. அந்த போன்ல முகத்தை வெள்ளையாக்கிக் காட்டுற வசதி இருக்குதாமே, அதைப் போட்டு எடுத்திருக்குதுங்க. எல்லாம் ரோஸ் பொம்மை மாதிரி வந்துடுச்சு. ஓரத்துல நின்ன என் பொண்ணு முகம் மட்டும் அந்த வெள்ளைக்கும் மசியலை. சாயங்காலம் அந்தப் போட்டோ ஸ்டேட்டஸ்ல வந்துச்சு. அதுல ஆறு பேருதான் இருந்தாங்க. இவளை வெட்டிட்டாங்க. ஆனா பக்கத்துப் பிள்ளை தோள் மேல போட்டிருந்த இவ கையை வெட்ட முடியலை. யாரோட கைன்னே தெரியாம அந்தக் கை மட்டும் போட்டோவில இருந்துச்சு.

இது எனக்கு அப்போ தெரியாது. ஏழு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. அந்த ஏழு மாசமும் நான் அதே வீட்டுலதான் இருந்தேன், தினமும் நாலு இட்டிலி வச்சுக் கொடுத்துக்கிட்டு.

செப்டம்பர்ல இவளும் இன்னும் நாலு பிள்ளைங்களும் சேர்ந்து ஒரு ஏற்பாடு செஞ்சிருக்குதுங்க. கேட்டா உங்களுக்குச் சிரிப்பு வரும், எனக்கும் முதல்ல வந்துச்சு. வாரம் ஆளுக்கு பத்து ரூபாய் சந்தா. அஞ்சு பேருக்கு அம்பது. பணம் சேர்ந்ததும் மெடிக்கல்ல ஒரு டியூப் கிரீம் வாங்குறது. ஒவ்வொருத்தரும் முறை வச்சு வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போய் ராத்திரி பூசிக்கிறது. ஜாமெட்ரி பாக்ஸ்ல டியூப் கைமாறும். ஒரு நோட்டுல வரவு செலவு வேற. யாரு எந்த வாரம் பணம் கட்டலை, யாருக்கு எத்தனை நாள் பாக்கி, எல்லாம் சுத்தமா எழுதி வச்சிருக்குதுங்க. அக்கா, அது நம்ம குழு நோட்டு மாதிரியே இருந்துச்சு. நாம வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து கணக்கு முடிக்கிறதை அதுங்க பக்கத்துல இருந்து பார்த்துக்கிட்டு இருந்திருக்குதுங்க.

அந்த கிரீம் வேலை செஞ்சுது. அதைத்தான் முக்கியமா சொல்லணும். ஒண்ணும் நடக்கலைன்னா பிள்ளைங்க தூக்கிப் போட்டிருக்கும். ஒரே மாசத்துல முகம் பளிச்சுன்னு ஆயிடுச்சு. தீபாவளிக்கு வந்த என் ஓர்ப்படி, "என்னடி, உன் பொண்ணு ஒரு சுத்து கலராயிட்டா"ன்னு சொன்னா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வயசுக்கு வந்த பொண்ணு, இப்பத்தான் களை வருது"ன்னு சொன்னேன். பெருமையா இருந்துச்சு. பொங்கலுக்கு என் அம்மா வந்து திருஷ்டி சுத்திப் போட்டாங்க. பூசுற விஷத்துக்கு நாங்க கற்பூரம் ஏத்தியிருக்கிறோம்.

பிப்ரவரியில செய்முறைத் தேர்வு, ரிவிஷன் டெஸ்ட்னு அலைச்சல்ல சந்தா நின்னு போச்சு. டியூப் தீர்ந்து போச்சு. பத்தே நாள்ல முகம் தக்காளி மாதிரி சிவந்துடுச்சு. எரியுதும்மா எரியுதும்மான்னு ராத்திரி எழுந்து உட்காரும். தண்ணி பட்டா எரியும், அடுப்புக்கிட்ட வந்தா எரியும். கன்னம் முழுக்க சீழ் வச்ச பரு. மீசை இருக்கிற இடத்துல பூனைமுடி. நான் சூடுன்னு நினைச்சு சந்தனம் அரைச்சுப் பூசினேன், வேப்பிலை அரைச்சுப் பூசினேன். இன்னும் எரிஞ்சுது. தமிழ்ப் பரீட்சை அன்னைக்கு ஷாலால முகத்தைச் சுத்திக்கிட்டு, கண்ணு மட்டும் தெரிய நின்னா. "நான் போகலை, அடுத்த வருஷம் எழுதிக்கிறேன்"னு ஒரே பிடிவாதம். அவங்க அப்பா வண்டியில ஏத்திக்கிட்டுப் போய், பள்ளிக்கூட வாசல்ல முக்கால் மணி நேரம் கெஞ்சி உள்ளே அனுப்பி வச்சாரு. நான் பத்தாவதோட நின்னவ. எனக்கு அன்னைக்கு வயிறு கலங்கின மாதிரி என்னைக்கும் கலங்கினது இல்லை.

பரீட்சை முடிஞ்ச மறுநாள் விருத்தாசலத்துல ஒரு தோல் டாக்டரம்மாகிட்ட கூட்டிக்கிட்டுப் போனேன். அவங்க முகத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "என்ன கிரீம் போட்டே, எத்தனை மாசம்?" அதுக்கு அப்புறம்தான் எல்லாக் கதையும் வெளியில வந்துச்சு.

அவங்க சொன்னதை நான் நோட்டுல எழுதிக்கிட்டு வந்தேன். நீங்களும் கொஞ்சம் கவனமா கேளுங்க. அந்த டியூப் அழகு கிரீமே இல்லை, மருந்து. அதுல மூணு சரக்கு இருக்குது. ஒண்ணு மொமெட்டசோன், அது ஸ்டீராய்டு. ஒண்ணு ஹைட்ரோகுவினோன், அது தோலுல கறுப்பு ஊறுறதைத் தடுக்கிறது. இன்னொண்ணு டிரெட்டினாயின், அது மேல் தோலை உரிச்சு எடுக்கிறது. மங்கு விழுந்த முகத்துக்கு டாக்டர் பார்த்து, இத்தனை வாரம்னு கணக்கு வச்சு கொடுக்கிற மருந்து. வேற டியூப்ல பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால்னு எழுதியிருக்கும், அதுவும் ஸ்டீராய்டுதான். குளோபெட்டசால் இன்னும் பலமானது. படர்தாமரைக்கு, அரிப்புக்குன்னு நாமளே மெடிக்கல்ல கேட்டு வாங்கிப் போடுறோமே, அந்த டியூப் பலதுலயும் இது இருக்கும். போட்ட உடனே அரிப்பு அடங்கும், உள்ளுக்குள்ள படர்தாமரை பரவும்.

ஸ்டீராய்டை முகத்துல மாசக்கணக்குல போட்டா தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிஞ்சு போகுமாம். உள்ளே இருக்கிற சின்ன ரத்தக்குழாய் எல்லாம் வெளியில தெரியும். பரு வரும், முடி முளைக்கும், வெயில் தாங்காது. நிறுத்தினா இன்னும் எரியும், அதுக்குப் பயந்து திரும்பவும் போடுவாங்க. சாராயம் மாதிரிதான்னு டாக்டரம்மா சொன்னாங்க. 2018-லயே மத்திய அரசு இந்த ஸ்டீராய்டு களிம்பை எல்லாம் டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு ஆணை போட்டிருக்குது. ஆனா பள்ளிக்கூட யூனிபார்ம்ல போன பிள்ளைக்கு ஒரு கேள்வி கேக்காம எடுத்துக் கொடுத்திருக்காங்க. எந்தக் கடைன்னு நான் சொல்லப் போறதில்லை. கடைக்காரர் கேட்டிருந்தா இது நடந்திருக்காதுன்னு ஆறு மாசமா திட்டிக்கிட்டு இருக்கேன், அது வேற.

டாக்டரம்மா இன்னொண்ணும் சொன்னாங்க. இது மருந்துக் கடை டியூப், இதுல என்ன இருக்குதுன்னாவது எழுதியிருக்குது. பேரே தெரியாத டப்பா கிரீம் இன்னும் மோசம்னாங்க. கேரளாவுல மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லுல ஒரு ஆஸ்பத்திரியில, 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரைக்கும் சிறுநீரக நோயோட வந்தவங்களை ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. முகம் கால் வீங்கி, சிறுநீர்ல புரதம் வெளியேறுற நோய். மொத்தம் 22 பேரு. அதுல 15 பேருக்கு நோய் ஒரே ரகம், ரொம்ப அபூர்வமான ரகம். எப்படி வந்துச்சுன்னு புரியாம துருவித் துருவிக் கேட்டதுல, அந்த 15 பேர்ல 13 பேரு சிவப்பழகு கிரீம் போட்டவங்க. பதினாலு வயசுப் பிள்ளையும் அதுல உண்டு. கிரீம்ல பாதரசம் இருந்திருக்குது. காய்ச்சல் பார்க்கிற கண்ணாடிக் குழாய்ல இருக்குமே, அந்தப் பாதரசம். கிரீமை நிறுத்தினதும் பெரும்பாலானவங்களுக்கு நோய் இறங்கிடுச்சாம், அது ஒரு புண்ணியம். கேரள அரசு "ஆபரேஷன் சௌந்தர்யா"ன்னு பேரு வச்சு கடை கடையா சோதனை போட்டு, லைசென்ஸ் இல்லாத கிரீமை எல்லாம் பறிமுதல் பண்ணினாங்க. நம்ம நாட்டுச் சட்டப்படி முகத்துக்குப் பூசுற கிரீம்ல தப்பித் தவறிக்கூட பத்து லட்சத்துல ஒரு பங்குக்கு மேல பாதரசம் இருக்கக் கூடாது. அதனால டப்பாவுல தயாரிச்சவங்க பேரு, விலாசம், லைசென்ஸ் நம்பர் இல்லைன்னா, அது வெளிநாட்டுச் சரக்குன்னு எவ்வளவு பெருமையா சொன்னாலும், துபாயிலிருந்து சொந்தக்காரரே கொண்டு வந்து கொடுத்தாலும், முகத்துல வைக்காதீங்க.

டாக்டர் சொன்னது இவ்வளவுதான். இனிமே சொல்றது என்னைப் பத்தி.

திரும்பி வரும்போது பஸ்ல ஜன்னலோரமா முகத்தை மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தா. நான் கோபத்துல, "யாருடி உன்னைக் கறுப்புன்னு சொன்னது? அந்தப் போட்டோக்காரிங்களா? அவளுங்க சொன்னா உனக்கு அறிவு எங்க போச்சு?"ன்னு கேட்டேன். அவ என்னைத் திரும்பிப் பார்த்து, "நீதாம்மா சொன்னே. உனக்கு ரெண்டு பவுன் கூடக் கேட்டாங்கன்னு சொல்லுவியே. உன்னைவிட நான் கறுப்பு. எனக்கு எவ்வளவு கேப்பாங்க? வாரம் பத்து ரூபாயில முடிச்சிரலாம்னு பார்த்தேன்"னு சொன்னா.

எனக்கு வாயடைச்சுப் போச்சு.

அந்த ரெண்டு பவுன் கதை எங்க வீட்டுல சிரிச்சுக்கிட்டே சொல்ற கதை. என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்போ எல்லாம் பேசி முடிச்சு, எழுந்திரிக்கிற நேரத்துல மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருத்தர், "பொண்ணு நிறம் கொஞ்சம் மட்டு, ஒரு ரெண்டு பவுன் சேர்த்துப் போட்டுடுங்க"ன்னாரு. வெத்தலைக்குச் சுண்ணாம்பு கேக்கிற மாதிரி கேட்டாரு. என் அம்மா வட்டிக்கு வாங்கிப் போட்டாங்க. அப்புறம் மூணு வெட்டு சீசன் கரும்பு வெட்டப் போய் அந்தக் கடனை அடைச்சாங்க. சோகை கிழிச்ச தழும்பு இன்னைக்கும் அவங்க ரெண்டு கையிலயும் இருக்குது. நான் அதைப் பிள்ளைங்ககிட்ட வேடிக்கையா, "உங்க அம்மா ரெண்டு பவுன் எடை கறுப்பு"ன்னு சொல்லுவேன். எல்லாரும் சிரிப்போம். என் மாமியாரும் சிரிப்பாங்க. அவங்க நல்லவங்க, இப்ப என்னைப் பெத்த தாய் மாதிரி பார்த்துக்கிறாங்க, அதையும் சொல்லிடறேன். ஆனா அந்தச் சிரிப்பை ஒரு பிள்ளை ஓரமா உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கிட்டு இருந்திருக்குது.

யோசிச்சுப் பார்த்தேன். இவ வயித்துல இருக்கும்போது எனக்குக் குங்குமப்பூ வாங்கிக் கொடுத்தாங்க. பிறந்ததும் எல்லாரும் காது நுனியைப் பார்த்துத்தான் நிறம் சொன்னாங்க. வெயில்ல விளையாடினா, "கறுத்துப் போயிடுவே, உள்ளே வாடி"ன்னு நான்தான் கூப்பிட்டேன். பையனை ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டது இல்லை. போட்டோவுல இருந்து அந்தப் பிள்ளைங்க இவளை வெட்டினது ஒரு நாள். நான் பதினஞ்சு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா வெட்டிக்கிட்டு இருந்திருக்கேன்.

கல்யாணத்துக்கு முன்னாடி நான் ரெண்டு வருஷம் விருத்தாசலம் பீங்கான் பேட்டையில வேலைக்குப் போனேன். காலையில பெண்ணாடம் ஸ்டேஷன்ல பாசஞ்சர் ஏறினா, சாயங்காலம் திரும்பி வருவோம். இங்க இருக்கிற சில அக்காங்களும் கூட வந்தவங்கதான். மண்ணைக் கூழாக் கரைச்சு அச்சுல ஊத்தி, பிரிச்சு எடுத்து, காய வச்சு, பிசிறு சீவி, சூளையில வேக வச்ச பொம்மை எங்ககிட்ட வரும். நாங்க வண்ணம் அடிப்போம். முடிக்கு ஒரு டப்பா, புடவைக்கு ஒரு டப்பா, முகத்துக்கும் கைகாலுக்கும் ஒரு டப்பா. அந்த டப்பாவுக்குப் பேரு "உடம்புக் கலர்". ரோஸும் மஞ்சளும் கலந்த மாதிரி இருக்கும். வரிசையா உட்கார்ந்து வண்ணம் அடிச்ச எங்க ஒருத்தர் உடம்பும் அந்தக் கலர் இல்லை. முதலாளி உடம்பும் இல்லை. கிருஷ்ணருக்கு மட்டும் நீலம். உடம்புக் கலர்னா யாரு உடம்புன்னு ஒரு நாளாவது கேட்டிருப்போமா? நானே ஆயிரக்கணக்கான பொம்மைக்கு அதைப் பூசி அனுப்பி வச்சிருக்கேன்.

கடையில விக்கிறதும் அதே டப்பாதான். ஃபேர் அண்ட் லவ்லி நம்ம நாட்டுக்கு வந்தது 1975-ல, நான் பிறக்கிறதுக்கு முன்னாடி. 2005-ல ஆம்பளைங்களுக்குன்னு தனியா ஒரு சிவப்பழகு கிரீமை வேற கம்பெனி கொண்டு வந்துச்சு. உலகம் பூரா கறுப்பு வெளுப்புன்னு பார்க்கக் கூடாதுன்னு குரல் எழும்பின 2020-ல, "ஃபேர்"ங்கிற வார்த்தையை எடுத்துட்டு "க்ளோ"ன்னு மாத்தினாங்க. பேரு மாறினது பெரிய விஷயம்தான். ஆனா எங்க தெருப் பெட்டிக்கடையில இன்னும் பழைய பேரைச் சொல்லித்தான் பாக்கெட் கேக்கிறாங்க.

சென்னையில ஒரு பெண்கள் அமைப்பு 2009-லயே "கறுப்பும் அழகுதான்"னு பிரச்சாரம் ஆரம்பிச்சாங்களாம். நமக்கு அது வந்து சேரலை. ஆனா என் பொண்ணுக்கு சாய் பல்லவியைத் தெரியும். "பிரேமம்" படத்துல 2015-ல அவங்க பரு தெரியத் தெரிய, அதை மறைக்காமதான் டீச்சரா வந்தாங்க. பின்னாடி சிவப்பழகு கிரீம் விளம்பரத்துக்குக் கூப்பிட்டப்போ முடியாதுன்னுட்டாங்க. தன் தங்கச்சி நிறத்தை நினைச்சு ஏங்கினதைப் பார்த்ததுதான் காரணம்னு அவங்களே சொல்லியிருக்காங்க. இதை நான் பொண்ணுகிட்ட சொன்னேன். "அவங்க வெள்ளையாத்தானே இருக்காங்க, அவங்க சொல்லலாம்"னு சொல்லிட்டா. பதில் சொல்ல முடியலை.

நம்ம பெண்ணாடம் கோயில்ல கலிக்கம்ப நாயனார் கதை எல்லாருக்கும் தெரியும். அடியாருங்க காலைக் கழுவும்போது, முன்னாடி தன் வீட்டுல வேலை பார்த்தவரே அடியாரா வந்து நிக்க, அந்த அம்மா தண்ணி ஊத்தத் தயங்கினாங்க. வந்தவர் கோலத்தைப் பார்க்காம, பழைய ஆளைப் பார்த்தாங்க. நாயனார் அவங்க கையை வெட்டிட்டாரு. வெட்டினது எனக்குச் சம்மதம் இல்லை, சாமி மன்னிக்கட்டும், நாலு வார்த்தை சொல்லியிருந்தாலே அந்த அம்மாவுக்குப் புரிஞ்சிருக்கும். ஆனா ஆளைப் பார்த்ததும் கை ஒரு நொடி தயங்குது பாருங்க, அது எனக்கு நல்லாத் தெரியுது. போன மாசம் என் அண்ணன் பையனுக்குப் பொண்ணு பார்க்கப் போனோம். காபி டம்ளரைக் கையில வாங்கும்போதே என் கண்ணு அந்தப் பொண்ணோட முழங்கைக்குத்தான் போச்சு. இவ்வளவு பட்ட பிறகும் போச்சு.

சரி, மற்ற நாலு வீடு. நாலு பேரு அம்மாவும் நம்ம கூட்டமைப்புல உள்ளவங்கதான். நான் வீடு வீடா போனேன். ஒரு வீட்டுல, "உன் பொண்ணுதான் என் பொண்ணைக் கெடுத்தா"ன்னு சண்டைக்கு வந்தாங்க. ஒரு அக்கா தனியாக் கூப்பிட்டு, "முகத்துக்கு ஒண்ணும் ஆகலையே, இன்னும் ரெண்டு மாசம் போட்டுக்கட்டுமே, தையில பார்க்க வராங்க"ன்னாங்க. அவங்களை நான் குறை சொல்ல மாட்டேன், தீபாவளிக்கு நானும் அதே இடத்துலதான் நின்னேன். மூணாவது நாள் அந்த அக்காவே டியூபைக் கொண்டு வந்து என் கையில கொடுத்தாங்க. திடீர்னு நிறுத்தாம டாக்டர்கிட்ட காட்டி நிறுத்துங்கன்னு அஞ்சு பேரையும் ஒண்ணா கூட்டிக்கிட்டுப் போனோம். வேன் வாடகையைக் குழு உள்கடன்ல எடுத்தோம். தீர்மான நோட்டுல "மருத்துவச் செலவு"ன்னு எழுதியிருக்குது. என்ன மருத்துவம்னு எழுத ஊக்குநர் அக்காவுக்குக் கை வரலை.

நான் கேக்கிறது ஒண்ணே ஒண்ணு. அடுத்த மாசக் கூட்டத்துக்கு வரும்போது அவங்கவங்க வீட்டுல, பீரோ மேல, கண்ணாடிக்குப் பின்னாடி, பையன் பையில இருக்கிற டியூபையும் டப்பாவையும் எடுத்துக்கிட்டு வாங்க. ஒருத்தரை ஒருத்தர் கேலி பண்ண வேண்டாம். அந்த டாக்டரம்மா வரேன்னு சொல்லியிருக்காங்க. எது மருந்து, எது விஷம், எது சும்மா மணக்கிற மாவுன்னு அவங்க பிரிச்சுச் சொல்லுவாங்க. பையன்களையும் கூட்டிக்கிட்டு வாங்க, அவனுங்களும் பூசுறானுங்க.

என் பொண்ணு இப்ப பதினொண்ணாவது. பத்தாவதுல 341 மார்க்கு. முகம் எட்டு மாசமா ஆறிக்கிட்டு வருது. வெயில்ல நின்னா இன்னும் சிவக்கும், குடை எடுத்துக்கிட்டுப் போகுது. அந்த அஞ்சு பேரு சந்தா நோட்டுல 140 ரூபாய் மீதி இருக்குது. அதை என்ன பண்றதுன்னு அதுங்களுக்குள்ள இன்னும் தீர்மானம் ஆகலை. ஒருத்தி பிரிச்சுக்கலாம்ங்கிறா, ஒருத்தி சந்தாவைத் திரும்ப ஆரம்பிக்கலாம்ங்கிறா. எதுக்குன்னு கேட்டேன். "அதை உங்ககிட்ட சொல்ல மாட்டோம்மா, ஆனா முகத்துக்கு இல்லை"ன்னுதுங்க.

பத்து நிமிஷத்துக்கு மேல ஆயிடுச்சு, தலைவி அக்கா மணி அடிக்கிறாங்க.